மட்டக்களப்பு நகருக்கு வேலைக்குப் போய்வரும் குடும்பம் எந்த ஊரில் வீடு பார்ப்பது? முழுமையான வழிகாட்டி

வீடு தேடும்போது எல்லோரும் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்பதை. இரண்டாவதாகக் கேட்பது ரவுணில், அதாவது நகரில் இருந்து எத்தனை கிலோமீற்றர் என்பதை. இந்த இரண்டு கேள்விகளோடு முடிவெடுத்த குடும்பங்கள்தான் மார்கழி மாதத்தில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப முடியாமல் நிற்கின்றன. மட்டக்களப்பு, வாவி குறுக்கே கிடக்கும் ஊர். இங்கே தூரத்தை விடப் பாலமும், பள்ளக் காணியும், கடைசி பஸ்ஸின் நேரமும் முக்கியம். ஆகவே, மழைக்காலத்துக் காலை ஆறே முக்கால் மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பிப் போய்ச் சேர முடியுமா என்பதை வைத்தே ஒரு ஊரை அளக்க வேண்டும்.

கையிருப்பு குறைவான குடும்பத்துக்காக எழுதப்பட்டது இது. வாடகைக்குப் போகிறவர்களுக்கும், சிறு வளவு வாங்கிக் கட்ட நினைப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொதுவானது. வளவு வாங்குவோருக்கு மட்டும் உரியது கடைசியில் தனியாக இருக்கிறது.

முதல் வேலை: யார் எங்கே போகிறார்கள் என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் கிழமை நாளில் எங்கே, எத்தனை மணிக்குப் போய், எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று எழுதுங்கள். அப்பாவின் வேலை, அம்மாவின் வேலை, பள்ளி, ரியூசன், அம்மம்மாவின் கிளினிக் நாள் எல்லாம் வரட்டும். பலர் அப்பாவின் வேலையை மட்டும் வைத்து ஊரைத் தெரிவு செய்கிறார்கள். உண்மையில் செலவை ஏற்றுவது பிள்ளைகளின் ரியூசன் பயணம். பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து, பின்னேரம் திரும்ப ரவுணுக்குப் போகும் பிள்ளை ஒரு நாளைக்கு நான்கு பயணம் செய்கிறது.

வேலைத்தலம் நகரத்தின் எந்தப் பக்கத்தில் என்பதையும் சரியாகக் குறியுங்கள். "ரவுணில வேலை" என்ற சொல் போதாது. முன்பு கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது. இப்போது அது வடக்கே திராய்மடுவில். போதனா வைத்தியசாலை நகருக்குள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் வந்தாறுமூலையில். சுவாமி விபுலானந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில். தேசிய கல்வியியல் கல்லூரி தாழங்குடாவில். திராய்மடுவில் வேலை செய்பவர் தெற்கே ஆரையம்பதியில் குடியிருந்தால், ஒவ்வொரு காலையும் கல்லடிப் பாலத்தையும் நகரத்தையும் கடந்தாக வேண்டும். அதே ஆள் வடக்கே தன்னாமுனையில் இருந்தால் இந்த இரண்டு நெரிசலும் இல்லை.

மட்டக்களப்பில் கலியாணம் முடித்த மகள் தாய் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருப்பது வழமை. அந்த வழமைக்குப் பண மதிப்பும் உண்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளையை அம்மம்மா பார்த்துக்கொண்டால், பிள்ளை பராமரிப்புக்குக் கொடுக்கும் காசு மிச்சம். தாய் முழுநேர வேலைக்குப் போகலாம். வாடகை சில ஆயிரம் கூடினாலும் தாய் வீட்டுக்குக் கிட்டவாக இருப்பது பல குடும்பங்களுக்கு இலாபமாகவே முடியும்.

வாடகையையும் பயணத்தையும் ஒரே கணக்கில் போடுங்கள்

கணக்கு எளிது. ஒரு வழித் தூரத்தை இரண்டால் பெருக்கி, வேலை நாள் 22 ஆல் பெருக்குங்கள். மோட்டார் சைக்கிள் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் என்று வைத்து வகுத்தால் மாதத்துக்கு எத்தனை லீற்றர் என்று வரும். அதை அன்றைய பெற்றோல் விலையால் பெருக்குங்கள். வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கை எண்ணெய், டயர், செயின், பிறேக் தேய்மானத்துக்காகக் கூட்டுங்கள். இந்த மூன்றிலொரு பங்கை விட்டுவிடுவதுதான் வழமையான பிழை. டயர் மாற்றும் மாதத்தில் அது கையைக் கடிக்கும்.

ஓர் உதாரணம். ரவுணுக்குள் வாடகை 30,000 என்றும், தெற்கே செட்டிபாளையப் பக்கம் 15,000 என்றும் வைப்போம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று கொள்வோம். செட்டிபாளையம் சுமார் 20 கிலோமீற்றர். 40 கிலோமீற்றர் வீதம் 22 நாள் என்றால் 880 கிலோமீற்றர். அதற்கு ஏறக்குறைய 19.5 லீற்றர், 5,850 ரூபா. தேய்மானம் சேர்த்தால் 7,800. ரவுணுக்குள் இருந்தாலும் 4 கிலோமீற்றர் ஓடத்தான் வேண்டும். அது தேய்மானத்தோடு 1,600 அளவில் வரும். ஆகவே கூடுதல் செலவு 6,200. வாடகையில் மிச்சம் 15,000. கையில் நிற்பது 8,800.

அம்மாவும் ரவுணில் வேலை, பஸ்ஸில் போகிறார் என்றால் அந்தக் காசைக் கழியுங்கள். இரண்டு பிள்ளைகளும் ரவுண் பள்ளிக்கு வான் வண்டியில் போனால் அதையும் கழியுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த இடத்தில் மிச்சம் கரைந்துவிடும். பிள்ளைகள் செட்டிபாளையத்திலோ களுவாஞ்சிகுடியிலோ படித்தால் மிச்சம் மிச்சமாகவே நிற்கும். தூர ஊர் இலாபமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பிள்ளைகளின் பள்ளியே.

இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸில் மாணவர்களுக்குச் சலுகை விலையில் பருவச்சீட்டு உண்டு. ஆனால் அது தனியார் பஸ்ஸில் செல்லாது. பள்ளி நேரத்துக்கு உங்கள் சந்தியைக் கடப்பது இ.போ.ச. பஸ்ஸா, தனியார் பஸ்ஸா என்று நின்று பார்த்த பிறகே அந்தச் சலுகையைக் கணக்கில் எழுதுங்கள்.

ஊர்களை நான்கு பகுதியாகப் பாருங்கள்

எழுவான்கரையின், அதாவது வாவியின் கிழக்குக் கரையின், தெற்குப் பக்கம். கல்லடிப் பாலம் தாண்டினால் கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று கல்முனை வரைக்கும் ஊரோடு ஊர் ஒட்டியே போகும். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலம். பிரதான வீதி ஒன்றே. அதனால் பஸ் வசதி மாவட்டத்திலேயே இந்தப் பக்கம்தான் நல்லது. மட்டக்களப்பு–கல்முனை பஸ்கள் அடிக்கடி ஓடும். றெயில் இங்கே கிடையாது, பாதை மட்டக்களப்போடு முடிகிறது.

கல்லடியும் நாவற்குடாவும் நகரத்தின் நீட்சி போல ஆகிவிட்டன, வாடகையும் அப்படியே. கையிருப்புக் குறைந்த குடும்பம் முதலில் பார்க்க வேண்டிய இடம் ஆரையம்பதி, தாழங்குடா வரையான பகுதி. ரவுணுக்குப் பத்துக் கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் குறைவு, காத்தான்குடிக் கடைத்தெரு பக்கத்தில். வீட்டுச் சாமான், துணி எல்லாம் அங்கே வாங்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும், அதற்கேற்பப் போங்கள். காத்தான்குடியிலேயே ஆதார வைத்தியசாலையும் உண்டு.

களுவாஞ்சிகுடியை ரவுணின் புறநகராகப் பார்க்காதீர்கள். ஆதார வைத்தியசாலை, பிரதேச செயலகம், வங்கிகள், சந்தை, பட்டிருப்பு தேசிய பாடசாலை எல்லாம் உள்ள தனி மையம் அது. ஒருவர் மட்டும் ரவுணுக்குப் போய்வர, மற்ற எல்லோருடைய தேவையும் அங்கேயே முடியுமென்றால் நல்ல தெரிவு. எல்லோரும் தினமும் ரவுணுக்கு வருவதானால் வேண்டாம்.

தெற்குப் பக்கத்தின் பலவீனம் கல்லடிப் பாலம். காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் தெற்கூர்கள் அத்தனையும் அதில்தான் ஏறும். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ நல்லது. என்றாலும் மண்முனைப் பாலம் வழியாகப் படுவான்கரை (வாவியின் மேற்குக் கரை) சுற்றி வருவதைத் தவிர வேறு மாற்று வழி இல்லை. அந்தச் சுற்றுத் தினமும் சரிவராது.

வடக்குப் பக்கம். பிள்ளையாரடி, சத்துருக்கொண்டான், தன்னாமுனை, மயிலம்பாவெளி, ஏறாவூர், செங்கலடி, வந்தாறுமூலை, சித்தாண்டி, கிரான், வாழைச்சேனை. பாலம் கடக்காமல் நகருக்குள் வரலாம் என்பது பெரிய நன்மை. தன்னாமுனை வரையான பகுதி திராய்மடுவில் வேலை செய்வோருக்கு மிகப் பொருத்தம். ஏறாவூர் சுமார் 14 கிலோமீற்றர். ஆதார வைத்தியசாலையும் பெரிய சந்தையும் உண்டு. செங்கலடியில் பதுளை வீதி பிரிகிறது. அதனால் இரண்டு திசைப் பஸ்ஸும் கிடைக்கும். பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் செங்கலடியும் வந்தாறுமூலையும் போதும், ரவுண் வாடகை கொடுக்கத் தேவையில்லை. ஆனால் வந்தாறுமூலையில் மாணவர்கள் அறை தேடுவார்கள், வீட்டுக்காரர் அறை அறையாகக் கொடுக்கவே விரும்புவார். குடும்பத்துக்கு முழு வீடு கிடைக்கத் தாமதமாகலாம்.

சித்தாண்டி, கிரான் பக்கம் போனால் முந்தணையாற்றின் வெள்ளத்தை நினைவில் வையுங்கள். பிரதான வீதியின் கிழக்குப் பக்கம் பரவாயில்லை. மேற்கே வயல் பக்கமாக உள்ளே போகப்போக மழைக்காலத்தில் வழி துண்டிக்கப்படும். கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் போகும் வீதி வெள்ளத்தில் மூழ்கிப் படகில் போகும் நிலை திரும்பத் திரும்ப வருவது.

றெயிலை நம்பி வடக்கே போகாதீர்கள். ஏறாவூரிலும் வாழைச்சேனையிலும் நிலையம் உண்டு, ஆனால் நாளுக்கு ஒருசில றெயில்களே. அவை கொழும்புப் பயணத்துக்கான நேரத்தில் ஓடுபவை. அலுவலக நேரத்துக்கு அவை உதவாது.

மேற்கு, அதாவது படுவான்கரை. வலையிறவுப் பாலம் தாண்டினால் வவுணதீவு, அதற்கப்பால் ஆயித்தியமலை, உன்னிச்சை. மண்முனைப் பாலம் வழியாகக் கொக்கட்டிச்சோலை. தூரத்தைப் பார்த்தால் வவுணதீவு நகருக்கு மிகக் கிட்ட. மண்முனையில் முன்பு பாதையில், அதாவது மிதவையில் ஏறித்தான் வாவி கடந்தார்கள். 2014 இல் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலை வாசல் திறந்தது போல் ஆனது. வளவு விசாலம், விலை குறைவு, மரக்கறி, பால், நாட்டுக்கோழி எல்லாம் ஊரிலேயே.

ஆனால் மூன்று விடயத்தைப் பார்க்காமல் அங்கே போகக் கூடாது. முதலாவது வெள்ளம்: உன்னிச்சைக் குளத்தின் வான்கதவு திறந்தால் தாழ்ந்த வீதிகளில் தண்ணீர் ஏறும். இரண்டாவது யானை: உள்ளூர்களில் மாலை ஆறு மணிக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் தனியாக வருவது ஆபத்து. இரவுக் கடமை உள்ளவர்களுக்கு இந்தப் பக்கம் பொருந்தாது. மூன்றாவது கடைசி பஸ்: பின்னேரத்தோடு பஸ் நின்றுவிடும் ஊர்கள் உண்டு. இன்னுமொன்று, காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட வேண்டும். இரண்டு நேரமும் வெயில் கண்ணுக்கு நேரே அடிக்கும். சிறிதாகத் தோன்றும், வருடக் கணக்கில் ஓடுபவருக்குச் சிறிதல்ல.

நான்காவது, நகரத்தின் ஓரம்: கருவேப்பங்கேணி, இருதயபுரம், கொக்குவில் போன்ற பகுதிகள். சைக்கிளில் போகக்கூடிய தூரம். வாடகை நடுத்தரம். ஒரே ஒழுங்கையில் முன் வீடு மேட்டிலும் பின் வீடு பள்ளத்திலும் இருக்கும். ஊரைப் பார்க்காமல் வீடு வீடாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

இரண்டு முறை ஓடிப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை வீடு பார்த்து முடிவெடுப்பது பிழை. பள்ளி நடக்கும் நாளொன்றில், அந்த வீட்டு வாசலில் காலை 6.30க்கு நில்லுங்கள். பஸ் ஏறும் இடத்துக்கு நடந்து நேரத்தைக் குறியுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் வந்தால் நல்லது, பத்துக்கு மேல் போனால் மழை நாளில் பிள்ளை நனைந்துதான் போகும். வரும் பஸ்ஸில் இடம் இருக்கிறதா, நிறைந்து வந்து நிறுத்தாமல் போகிறதா என்று மூன்று பஸ்ஸையாவது பாருங்கள். வழியின் இறுதிப் பகுதியிலுள்ள ஊர்களில், அதாவது ரவுணுக்கு மிகக் கிட்டிய தரிப்புகளில், காலையில் இந்தப் பிரச்சினை கடுமை.

இரண்டாவது முறை மாலை. வேலை முடிந்து, ரவுண் பஸ் நிலையத்திலிருந்து அந்த ஊருக்குப் போங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துனரிடம் கேளுங்கள். சந்திக் கடைக்காரரிடமும் கேளுங்கள். இரண்டு பதிலும் வேறானால் கடைக்காரர் சொல்வதை எடுங்கள். சந்தியிலிருந்து வீட்டுக்கு ஓட்டோ எவ்வளவு என்பதையும் கேட்டு வையுங்கள். ஒழுங்கையில் தெருவிளக்கு எரிகிறதா என்று இருட்டிய பிறகுதான் தெரியும்.

வெள்ளமும் தண்ணீரும்

வருட மழையின் பெரும்பகுதி ஐப்பசிக் கடைசியிலிருந்து தை வரைக்குமான வடகீழ்ப் பருவக்காற்றில் கொட்டிவிடும். 2011 தை மாத வெள்ளம் மாவட்டம் முழுவதும் நினைவில் நிற்பது. வீடு பார்க்கும்போது "தண்ணி வருமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம், "2011இல எந்தப் படி வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். அளவு கேட்டால் அளவாகவே பதில் வரும்.

கண்ணால் பார்க்க வேண்டியவை: சுவரில் ஒரே மட்டத்தில் ஓடும் கறை, கதவு நிலையின் அடிப்பகுதி உக்கியிருத்தல், அயல் வீடுகளின் அத்திவாரம் இந்த வீட்டை விட உயர்ந்திருத்தல், வளவின் மூலையில் ஆற்றுவாழையோ கோரைப்புல்லோ நிற்பது. அயலவர்கள் எல்லோரும் மண் போட்டு உயர்த்தியிருந்தால், அவர்களுடைய தண்ணீரும் உங்கள் வளவுக்கே வரும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் வாவித் தண்ணீர் வடியும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வெட்டும் வரை நீங்கள் தண்ணீருக்குள் நிற்க வேண்டும்.

கிணறு இன்னொரு சோதனை. மணல் நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். மார்கழியில் கிணற்று நீர் தரைமட்டத்துக்கு வந்தால் மலசலகூடக் குழியும் நிரம்பும். கழிவு திரும்பி வரும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் குறைந்தது 50 அடி வேண்டும், அயல் வீட்டுக் குழியையும் சேர்த்து அளந்து பாருங்கள். 10 பேர்ச் போன்ற சிறு காணிகளில் தவறுவது பெரும்பாலும் அயலவரின் குழியே. வாவியோரக் கிணறுகள் ஆடி, ஆவணியில் உவர்க்கும். அந்த மாதத்தில் பார்க்க முடியாவிட்டால், அயலில் எதனால் தேநீர் போடுகிறார்கள் என்று கேளுங்கள். போத்தல் தண்ணீர் என்றால் விடை தெரிந்துவிட்டது. நீர் வழங்கல் சபையின் குழாய் இணைப்பு வீட்டுக்குள் இருக்கிறதா, வீதியில் மட்டும் போகிறதா என்பது இரண்டு வேறு விடயம். வீதியில் மட்டும் என்றால் புது இணைப்புக்கான கட்டணத்தை வாடகைப் பேச்சிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை வீடுகள் மலிவாகக் கிடைத்தால், 2004 சுனாமியில் அந்த இடம் என்ன ஆனது என்று கேட்டு, வெளியேறும் வழியை நடந்து பாருங்கள். கல்லடிக் கடற்கரையிலுள்ள நாவலடி, திருச்செந்தூர் பக்கம் இது கட்டாயம். கட்ட நினைத்தால், கடலிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

பள்ளி விடயத்தில் தவறக்கூடாத ஒன்று

முதலாம் வகுப்பு அனுமதியில் அயல் வசிப்புப் பிரிவுக்கே கூடிய இடம். அதில் ஒரு பகுதிப் புள்ளி கிடைப்பது வாக்காளர் இடாப்பில் பெற்றோரின் பெயர் எத்தனை வருடமாக அந்த முகவரியில் இருக்கிறது என்பதற்கு. ஐந்து வருடம் வரை பின்னோக்கிப் பார்ப்பார்கள். பிள்ளைக்கு நான்கு வயதானதும் வீடு மாறினால் அந்தப் புள்ளி கையை விட்டுப் போகும். பெயர் இன்னும் அம்மா வீட்டு முகவரியில் கிடக்க, வாடகை வீட்டுக்குக் கிட்டிய பள்ளிக்கு விண்ணப்பித்துத் தோற்றுப்போகும் குடும்பங்கள் அதிகம். ஆகவே பிள்ளைக்கு ஒன்று, இரண்டு வயதிருக்கும்போதே ஊரைத் தீர்மானியுங்கள்.

ரவுண் பள்ளிதான் வேண்டும் என்று நினைப்பவர்களும் ஐந்தாம் வகுப்பு வரை ஊர்ப் பள்ளியில் படிக்கவைக்கலாம். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டினால் ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கு மாறலாம். ஐந்து வயதுப் பிள்ளையைத் தினமும் நாற்பது கிலோமீற்றர் வானில் இருத்துவதை விட, பதினொரு வயதில் பஸ்ஸில் அனுப்புவது பிள்ளைக்கும் நல்லது, கையிருப்புக்கும் நல்லது.

வாடகை ஒப்பந்தம்

எழுத்தில் செய்யுங்கள். காலம், முற்பணம், முற்பணம் மாதாமாதம் கழிக்கப்படுமா அல்லது வெளியேறும்போது திரும்பி வருமா, எத்தனை மாத முன்னறிவித்தல், கிணற்று மோட்டார் பழுதானால் யார் திருத்துவது ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். வாசலைத் தாண்டும் நாளில் மின்மானி, நீர்மானி வாசிப்புகளைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். பழைய நிலுவை புதுக் குடியிருப்பாளர் தலையில் விழுவது அடிக்கடி நடக்கிறது. மின்மானி பொதுவாக இருந்து இரண்டு வீட்டுக்கு ஓடினால் வேண்டாம்: அலகு கூடக்கூட விலையும் ஏறும் முறை என்பதால், இரு வீட்டுப் பாவனையும் சேர்ந்து மேல் விலைக்குப் போய்விடும்.

வளவு வாங்குவதானால்

முதல் கேள்வி: உறுதி (உரிமைப் பத்திரம்) உள்ள காணியா, பேமிட் (அரச அனுமதிப்பத்திர) காணியா? படுவான்கரையிலும் பிரதான வீதியை விட்டு உள்ளே போகும் இடங்களிலும் மலிவாக வரும் காணிகளில் பல அரசு வழங்கிய அனுமதிப்பத்திரக் காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அவற்றை வெறும் கையெழுத்தில் விற்க முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் காசு கொடுத்தவருக்குச் சட்டப்படி எதுவுமில்லை. எந்தக் காணியானாலும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதிய உறுதியே செல்லும்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன், உறுதி இலக்கத்தோடு காணிப் பதிவகத்தில் தேடிப் பாருங்கள்: ஈடு, வழக்கு, வேறு பங்காளர் இருக்கிறார்களா என்று. பல காணிகள் தாயிடமிருந்து பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாக வந்தவை. ஒரு சகோதரி வெளிநாட்டில் இருந்து கையெழுத்துப் போடாமல் இருந்தால் உறுதி முழுமையில்லை. நில அளவையாளரின் வரைபடத்தோடு நான்கு எல்லைக் கல்லையும் நேரில் பாருங்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. வேலியை அளந்து பெருக்கிப் பாருங்கள், வரைபடத்தோடு ஒத்துவர வேண்டும். வயலை நிரப்பிய காணி என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதியைக் கேளுங்கள். இல்லாவிட்டால் வீட்டுத் திட்டத்துக்குப் பிரதேச சபை ஒப்புதல் கிடைப்பதில் சிக்கல் வரும்.

கையில் உள்ள காசு முழுவதையும் காணி விலைக்குப் பேசிவிடாதீர்கள். உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வை முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். 25 இலட்சக் காணிக்கு அது 99,000 ரூபா. நொத்தாரிசுக் கட்டணம், அளவைக் கட்டணம், மண் நிரப்புதல், மின் இணைப்பு எல்லாம் அதற்கு மேலே.

குடிபுகுந்த முதல் மாதத்தில் கிராம உத்தியோகத்தரிடம் போய்க் குடும்ப விபரத்தைப் பதியுங்கள். அடுத்த வாக்காளர் இடாப்புத் திருத்தத்தில் புது முகவரியில் பெயர் ஏறுகிறதா என்று நேரில் பார்த்து, படிவத்தின் பிரதியை வாங்கி உறுதியோடு சேர்த்து வையுங்கள்.